வயல் ஜலத்தில் பாசி: பயிரின் நோவைக் கண்டறியும் முறை

சம்பா நாற்று நட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குள், தேங்கிய ஜலத்தின்மேல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பாசி படர்ந்து, அதனிடையே நாற்றுகள் மஞ்சளித்து நிற்பதைக் கண்டு விசனப்படாத குடியானவர் கடலூர், சிதம்பரம் தாலுகாக்களில் அரியர். "பாசி பயிரைத் தின்றுவிட்டது" என்று அவர்கள் சொல்லுவதுண்டு. இது பாதி உண்மையே. பல வயல்களில் பயிர் வேறொரு காரணத்தால் முதலில் நோவுற்று நின்றுவிட, அது உண்ணாமல் விட்ட எருவைப் பாசி உண்டு கொழுத்திருக்கும். காரணம் எது, காரியம் எது என்று பிரித்தறியாமல் மருந்து வாங்குவோருக்குப் பணமும் நஷ்டம், பயிரும் நஷ்டம்.

இதை விளக்கும்பொருட்டுக் குடிகாட்டில் மிராசுதாரர்கள் கூடியிருந்த ஒரு சமயம், இரண்டு கண்ணாடித் தொட்டிகளைத் திண்ணையில் வைத்துக் காட்டினேன். இரண்டிலும் ஒரே குளத்து ஜலம். இரண்டிலும் வேலம்பாசிக் கொடி. ஒன்றில் ஒரு சிட்டிகை யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு வெயிலில் வைத்தேன். மற்றொன்றை எருவிடாமல் அரை நிழலில் வைத்தேன். பத்து நாளில் முதல் தொட்டியின் ஜலம் பச்சையாகி, கொடியின் இலைகளை நூல்போன்ற பாசி சுற்றிக்கொண்டது, அடியிலைகள் அழுகின. மற்றதில் ஜலம் தெளிவாகவும் கொடி பசுமையாகவும் இருந்தன. அலங்கார மீன் வளர்ப்போர் நாள்தோறும் படும் பாடும் இதுவே. பாசியைக் கையால் அள்ளி எறிந்தால் சில நாளில் திரும்ப வரும். ஜலத்தை மாற்றி வெளிச்சத்தைக் குறைத்தால் அடங்கும். வயலும் ஒரு பெரிய தொட்டியே. நிழலுக்கு மட்டும் பயிர் தூர் கட்டி மூடும்வரை நாம் காத்திருக்க வேண்டும்.

பாசி முழுவதும் பகையன்று என்பதையும் குடியானவர்கள் அறிதல் அவசியம். நெல் வயல்களில் காற்றிலுள்ள தழைச்சத்தை நீலப்பச்சைப் பாசிகள் பிடித்துச் சேர்க்கின்றன என்பதை 1939-ஆம் வருஷத்தில் பி. கே. டே என்னும் விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். நல்ல நிலையில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து இவ்விதம் கிடைக்கிறது. இவ்வகை கையில் கூழ்போல் வழுவழுப்பாகவும், கருநீலப் பச்சை அல்லது பழுப்பு நிறமாகவும் இருக்கும். பட்டு நூல் அல்லது பஞ்சுபோல் நீண்டு, எடுத்தால் கயிறாகத் திரண்டு வரும் பச்சைப் பாசியே இளநாற்றைச் சாய்த்து அழுத்துவது. தரையிலிருந்து செடிபோல் எழும்பி, நசுக்கினால் நொறுங்கிப் பூண்டு நாற்றம் வீசுவது சாரா என்னும் மூன்றாவது வகை.

இனிப் பயிரைப் பார்ப்போம். ஒரு குத்தை வேரோடு பிடுங்கி வாய்க்கால் ஜலத்தில் அலசுக. இது செய்யாமல் வரப்பில் நின்று பார்த்து வியாதியின் பெயர் சொல்லுவோரை நம்பவேண்டாம். வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால், ஜலம் வடியாமல் நின்று மண் கெட்டிருக்கிறது. வடித்தலே அதற்கு மருந்து. வேர் வெளுப்பாயிருந்து, கீழிலைகள் நுனியிலிருந்து ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. குருத்திலை வெளிறி நரம்புமட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு; இது மேட்டு நாற்றங்காலில் அதிகம். கீழிலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாய் நின்றால் துத்தநாகச் சத்துக் குறைவு என அறிக. வடநாட்டில் 'கைரா' என்று வழங்கும் இந்நோவு கிருமியால் உண்டாவதன்று, துத்தநாகக் குறைவே காரணம் என்று பந்த்நகரில் நெனே அவர்கள் 1966-ல் நிரூபித்தார். உப்பனாற்றை அடுத்த நிலங்களில் இலை நுனி வெளுத்துக் காய்ந்தால் முதலில் உப்பையே சந்தேகிக்க வேண்டும்.

துத்தநாகக் குறைவுள்ள வயலில் நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து தூவுக. பாஸ்பேட்டோடு சேர்த்துக் கலக்கலாகாது. நட்டபின் கண்டால் 100 லிட்டர் ஜலத்தில் அரை கிலோ ஜிங்க் சல்பேட்டும் ஒரு கிலோ யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம்.

மஞ்சள் நிறத்தைக் கண்டவுடன் பச்சை ஜலத்தின்மேல் யூரியா வீசுவதே நான் அடிக்கடி காணும் பெருந்தவறு. பகலில் பாசி ஜலத்திலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிவிடுகிறது. அதனால் பிற்பகலில் ஜலத்தின் காரத்தன்மை ஏறுகிறது. அந்நேரத்தில் யூரியாவிலிருந்து பிறக்கும் அம்மோனியா ஆவியாய்ப் போகிறது. எஞ்சியதைப் பாசி உண்கிறது. பயிருக்குக் கிட்டுவது சொற்பம். ஆகையால் ஜலத்தை வடித்து, சேற்றில் யூரியாவை இட்டுக் கோனோ களையெடுப்பானால் கலக்கிவிட்டு, பிறகு மெல்லிய ஜலம் கட்டுவதே முறை. பாஸ்பேட்டையும் மேலே தூவாமல் கடைசிச் சேற்றுழவில் மண்ணோடு கலக்க வேண்டும். மேலே கிடக்கும் பாஸ்பேட் பாசிக்கு வைத்த விருந்தாகும்.

படர்ந்துவிட்ட பாசிக்கும் வடித்தலே முதல் உபாயம். இரண்டு மூன்று நாள் ஜலமின்றி வைத்தால் அது சேற்றோடு ஒட்டிக் காய்ந்து எருவாகும். உப்பு நிலத்தில் மட்டும் காயவிடலாகாது, உப்பு மேலே ஏறும். அங்கே நல்ல ஜலத்தைப் பாய்ச்சி அலசி வடிக்க வேண்டும்.

மயில்துத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்தில் வயல்களுக்கு மயில்துத்தம் இடும்படி நானே சொன்னேன். பாசி இறந்தது உண்மை. வயல்களின் வடிகால் குத்தகைக்கு விட்ட குட்டையில் விழுகிறது என்பதை நான் விசாரிக்கவில்லை. மறுநாள் விடியற்காலம் மீன்கள் மிதந்தன. மீன்களைத் தாமிரம் நேராகவும் கொல்லும். செத்த பாசி அழுகுகையில் ஜலத்திலுள்ள பிராணவாயு குன்றுவதாலும் அவை மடியும். குத்தகைக்காரர் என்னிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிக வெட்கமாயிருந்தது. அது முதல் வடிகால் போகுமிடத்தைப் பார்க்காமல் நான் அந்தச் சரக்கின் பெயரைச் சொல்லுவதில்லை. நன்மை செய்யும் நீலப்பச்சைப் பாசியையும் அது கொன்றுவிடும்.

"வடித்துவிட்டால் ஜலம் திரும்ப வருமோ?" என்னும் கேள்வியே கடைமடைக் குடியானவர்களின் உண்மையான சங்கடம். கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாய் வீராணம் நிரம்பி, அதன் மதகுகள் கடந்து தம் முறை வரும்வரை காத்திருப்போருக்கு இந்தப் பயம் நியாயமானது. ஒருவர் தனியே வடித்தால் மேல் வயல்காரரின் பச்சை ஜலம் அவர் வயலில் வந்து நிற்கும். எனவே ஒரு வாய்க்காலைச் சேர்ந்தவர்கள் ஒருங்கே, தம் பாசன முறைக்கு மூன்று நாள் முன்னதாக வடிப்பதே தகும். அந்தத் தேதியை ஊரில் முன்கூட்டி அறிவிப்பதும், வடிகாலில் அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை நடவுக்கு முன்பே அகற்றச் செய்வதும் கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய உதவியாகும்.