கோடையில் உறங்கும் கிழங்கு

வசந்தத்தில் மலரும் அனெமோனி என்னும் செடிக்குக் குளிர் தீண்டாமல் மொட்டு வைக்கும் சுபாவம் இல்லையாதலால், அதன் காட்டினம் ஒன்று நீலகிரியில் தானாகவே பூத்து நின்றாலும், ஆண்டு முழுவதும் புழுக்கம் நீங்காத, அந்தமான் தீவிலுள்ள எங்கள் ரங்கத்தில் அதை வளர்க்க முனைவது வீண் பிரயாசையே. அதன் ஸ்தானத்தில் நான் வளர்ப்பது மழை லில்லி. குளிரை அறியாத இத்தீவில் வறட்சியே அதற்குப் பனிக்காலம்.

இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். அப்போது செடி வாடுகிறதேயென்று இரக்கப்பட்டு, கிணறு வற்றும் காலத்திலும் குடம் குடமாக நீர் வார்ப்போரின் பாத்திகளில் இலை மட்டும் செழித்து, பூ அபூர்வமாவதைக் கண்டிருக்கிறேன். பிப்ரவரியில் நீரைக் குறைத்து, மார்ச்சில் அடியோடு நிறுத்திவிட வேண்டும். இலை மஞ்சளித்துச் சாய்ந்தாலும் மனம் இளகலாகாது. பருவமழைக்கு முன்னோடியாக வரும் கோடை இடிமழை மண்ணை நன்றாக ஊறவைத்துச் சென்ற நான்கைந்து தினங்களில், வெறும் தரையென்று நினைத்த இடமெங்கும் இளஞ்சிவப்பு மொட்டுகள் ஏககாலத்தில் எழும். ஒரு மலரின் ஆயுள் ஓரிரு நாட்களே. ஆகையால் கிழங்குகளை நெருக்கமாக நடுவதே உசிதம்.

மே மாதத்தில், கேரளக் கரையைத் தொடுமுன்பே, தென்மேற்குப் பருவக்காற்று எங்களை எட்டிவிடுகிறது. அதன் பிறகு பெய்யும் ஓயாத மழையில் கிழங்கு அழுகாதிருக்க, பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, நாலா என்னும் ஓடையின் மணலும் மக்கிய எருவும் கலப்பது அவசியம். உப்பேறிய கடல்மணல் உதவாது.

மழையைவிடக் கொடிய சத்துரு, ஜப்பானியர் ஆதிக்கத்தின்போது (1942–45) இத்தீவுகளுக்கு வந்ததென்று கூறப்படும் ஆப்பிரிக்க நத்தை. சாம்பல் வேலி ஒரு தூறலுக்கே கரைந்துபோவதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அந்தியில் ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலைகளைப் பரப்பிவைத்து, விடியுமுன் அங்கே திரண்டிருப்பவற்றைக் குச்சியால் பொறுக்கி உப்புநீரில் போட்டுவிடுவேன். இலையைத் தின்னும் கம்பளிப்புழுக்களுக்கும் கைப்பொறுக்கலே போதும்.

புதர் நெருங்கினால் ஜனவரியில் பிரித்து நடலாம். கிழங்கு நஞ்சுடையது, பார்வைக்குச் சின்ன வெங்காயத்தைப் போலவே இருப்பதால், தோண்டியெடுத்ததை அடுக்களைப் பக்கம் கொண்டுபோகாமல், குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத உயரத்தில் உலர்த்த வேண்டும்.