'செக்' என்னும் சிறுசொல்: பொருளும் பிறப்பும்

ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்துகளால் ஆகி ஓரசையாய் ஒலிக்கும் சொல் 'செக்'. பள்ளிப் படிப்பு வாய்க்காதவரும் நம்மிடையே இச்சொல்லை நன்கறிவர். துணிக்கடையில் ஒருவர் 'செக் போட்ட சட்டை' கேட்கிறார். ஊரெல்லையில் லாரிகளை மறித்து நிறுத்தும் இடம் 'செக்போஸ்ட்' எனப்படுகிறது. முதலாளி கணக்கரிடம் 'ஒருமுறை செக் பண்ணிவிடு' என்கிறார். வங்கிக்குச் செல்பவர் 'செக்' மாற்றி வருகிறார். திண்ணையில் சதுரங்கம் ஆடும் சிறுவன் எதிரியின் அரசனை நெருக்கிவிட்டு 'செக்' என்று கூவுகிறான்.

துணியின் கட்டம், தடுத்தல், சரிபார்த்தல், பணமுறி, ஆட்டக் கூவல் ஆகிய இவ்வைந்தும் ஒரே சொல்லா, ஒலியால் ஒத்துப்போன ஐந்து சொற்களா? தமிழிலும் இவ்வினா எழுவதுண்டு. 'திங்கள்' என்பது நிலவையும் மாதத்தையும் குறிக்கும். நிலவின் வளர்தேய்வே மாதத்தின் அளவு ஆதலால் அது ஒரே சொல் விரித்த இருபொருள். 'மா' என்பதோ மரத்தையும் விலங்கையும் நில அளவையும் குறிக்கும். இவை ஒருதாய் மக்கள் அல்ல. 'செக்' எவ்வகையைச் சார்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது. நம் ஊர் எண்ணெய்ச் செக்கு இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது. அது தனித்தமிழ்ச் சொல். அதனை இதனோடு பிணைக்க முயல்வது மாட்டை மாற்றிப் பூட்டுவதாகும்.

ஆட்டத்திலிருந்து வந்த அரசன்

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையைப் பலகைமேல் நிறுத்தி ஆடும் ஆட்டம் நம் நாட்டில் 'சதுரங்கம்' எனப் பெயர் பெற்றது. நான்கு உறுப்புகளை உடையது என்பது அதன் பொருள். இவ்வாட்டம் சாசானியர் ஆட்சிக் காலத்தில் பாரசீகம் புகுந்து 'சத்ரங்' ஆயிற்று. 531 முதல் 579 வரை அந்நாட்டை ஆண்ட நௌஷிர்வானின் அவைக்கு இந்திய அரசன் ஒருவன் இவ்வாட்டத்தை அனுப்பியதாகவும், அதன் நுட்பத்தை அமைச்சர் புஸுர்ஜ்மிஹ்ர் கண்டுணர்ந்ததாகவும் பஹ்லவி மொழி நூலொன்று கதை சொல்கிறது. 1010ஆம் ஆண்டளவில் பிர்தௌசி முடித்த ஷாநாமாவிலும் இக்கதை விரிவாக உண்டு. கதை எத்துணை உண்மையோ, ஆட்டம் இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்றது என்பதை அதன் பெயரே காட்டிவிடுகிறது.

ஏழாம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்கு உட்பட்டபின், அரபியர் இதனை 'ஷத்ரஞ்ச்' என்றனர். அரபு மொழியில் வல்லோசைச் சகரம் இல்லை. எனவே அது ஷகரமாயிற்று. இறுதியில் நின்ற ககர மெல்லோசையும் ஜகரமாகத் திரிந்தது. பிறமொழிச் சொல்லைத் தன் எழுத்துக்கு இணக்கி ஏற்றல் எல்லா மொழிக்கும் பொது. வடசொல்லுக்குத் தொல்காப்பியர் வகுத்த விதியும், சீறாப்புராணத்தில் அரபுப் பெயர்கள் தமிழோசை பெற்று நடக்கும் பாங்கும் மாணவர் அறிந்தவையே.

(சதுரங்கம் ஆடுவது ஆகுமா, ஆகாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரியவர்கள் பொறுத்தருள்க. இங்கு ஆயப்படுவது சொல்லேயன்றி ஆட்டமன்று.)

பாரசீகத்தில் அரசனுக்கு 'ஷாஹ்' என்று பெயர். எதிரியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளானால், 'ஷாஹ்!' என்று சொல்லி எச்சரிப்பது ஆட்ட மரபு. 'அரசே, காத்துக்கொள்' என்பது அதன் குறிப்பு. அரசன் தப்ப வழியில்லை எனின் 'ஷாஹ் மாத்' என்பர். 'மாத்த' என்னும் அரபு வினைக்கு 'இறந்தான்' என்று பொருள் இருப்பதால், 'அரசன் இறந்தான்' என்றே பலரும் உரை கூறுவர். ஆயின் பாரசீகத்தில் 'மாத்' என்பது திகைத்தவன், செயலற்றவன் எனப் பொருள்படும். இவ்வாட்டத்தில் எந்தக் காயும் வெட்டுண்டு பலகையை விட்டு நீங்கலாம். அரசன் மட்டும் நீங்குவதில்லை, நின்ற இடத்திலேயே வழியடைத்து நிற்கிறான். எனவே 'செயலற்றான்' என்னும் பொருளே ஆட்டத்தின் இயல்புக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

பாக்தாத் அவையில் அஸ்-ஸூலி போன்ற வல்லுநர்கள் நூலெழுதும் அளவுக்கு வளர்ந்த இவ்வாட்டம், ஸ்பெயின் வழியாகவும் இத்தாலியத் துறைமுகங்கள் வழியாகவும் ஐரோப்பாவுக்குச் சென்றது. ஸ்பானியர் 'அஷ்-ஷத்ரஞ்ச்' என்பதையே திரித்து 'அஹெத்ரேஸ்' என்றனர். ஏனையோர் ஆட்டத்தின் பெயரை விட்டு, அதில் அடிக்கடி காதில் விழுந்த கூவலையே பெயராகக் கொண்டனர். 'ஷாஹ்' என்பதன் இறுதி ஹகரம் அவர்கள் நாவில் வன்மை பெற்றுக் ககரமாயிற்று. இலத்தீனில் 'ஸ்காக்குஸ்', இத்தாலியத்தில் 'ஸ்காக்கோ', ஜெர்மனியில் 'ஷாக்', பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' எனப் பல வடிவங்கள் தோன்றின. ரஷ்யரின் 'ஷாக்மத்தி'யில் 'ஷாஹ் மாத்' முழுமையாகவே இன்றும் ஒலிக்கிறது. பிரெஞ்சு ஒருமை ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. அதன் பன்மை 'செஸ்' ஆயிற்று. ஆகவே 'செஸ்' ஆடுகிறோம் என்பார், சொல்லின் பிறப்பளவில், 'அரசர்கள்' ஆடுகிறோம் என்கின்றனர். 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட்டுக்கு உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள், இந்தியாவில் பிறந்த ஆட்டத்தைப் பாரசீக அரசனின் பெயரால் அழைத்துக்கொண்டே ஆடினர்.

கூவலிலிருந்து வினை

பலகைமேல் 'செக்' என்றவுடன் என்ன நிகழ்கிறது? எதிராளி தான் எண்ணிய காய்நகர்த்தலை நிறுத்த வேண்டும். அரசனைக் காப்பதொன்றே அவன் கடன். இந்நிலையே சொல்லின் பொருள் விரிவுக்கு வித்து. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் திடீர்த் தடை, பின்னடைவு என்னும் பொருள்களைப் பெறலாயிற்று. அந்நூற்றாண்டின் கவிஞர் சாசர், ஒரு பிரபுவின் மனைவி மறைந்த துயரைப் பாடிய நூலில், ஊழ் என்பவளே அவனோடு சதுரங்கம் ஆடி அவனை வென்றதாகக் கற்பனை செய்கிறார். ஆட்டச் சொல் வாழ்க்கைச் சொல்லாக மாறும் இடம் அது. தடை என்பது பின்னர்க் கட்டுப்பாடாயிற்று. தவறு நுழையாமல் தடுப்பதற்காக ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும் செயல், பதினேழாம் நூற்றாண்டளவில் 'சரிபார்த்தல்' ஆயிற்று. முதலாளி கணக்கரிடம் சொல்லும் 'செக்' இதுவே.

பலகையிலிருந்து கருவூலம்

ஆட்டக் கூவல் ஒருபுறம் இவ்வாறு வளர, ஆட்டப் பலகை மற்றொருபுறம் வளர்ந்தது. இங்கிலாந்தில் முதலாம் ஹென்றியின் காலத்தில் (1100–1135) அரசு வருவாயைத் தணிக்கை செய்யும் அவையொன்று நிலைபெற்றது. அதன் நடைமுறையை, கருவூலத் தலைவராயிருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் வினாவிடை வடிவில் எழுதத் தொடங்கிய நூல் விளக்குகிறது. பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட மேசை. அதன்மேல் கோடுகள் இட்ட கருந்துணி. கோடுகளுக்கிடையே பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது, நூறு, ஆயிரம் என வரிசைகள். ஷெரிப்பு எனப்படும் மாவட்ட அதிகாரி ஒருபுறம் அமர்வார். அவர் செலுத்த வேண்டியதும் செலுத்தியதும் வட்டக் காய்களாக அவ்வரிசைகளில் வைத்து எண்ணப்படும். பதின்ம இடமதிப்பும் பூச்சியமும் அங்கு வழக்கில் வராத காலம் அது. ரோம எண்களை எழுதிவைத்துக் கூட்டுவது கடினம். இடமதிப்பின் வேலையைத் துணியே செய்தது. பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகையை ஒத்திருந்ததாலும், கருவூலத் தலைவரும் ஷெரிப்பும் இரு பகையரசர்போல் எதிரெதிரே மோதியதாலும், அவ்வவைக்குப் பலகையின் பெயரே அமைந்ததாக அந்நூலாசிரியர் காரணம் காட்டுகிறார். அதுவே 'எக்ஸ்செக்கர்'. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றளவும் 'எக்ஸ்செக்கரின் சான்சலர்' என்றே வழங்கப்படுகிறார்.

கட்டமிட்ட துணியும் பலகையின் வழிவந்ததே. அவ்வகையில் நம் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. சென்னையைச் சூழ்ந்த தறிகளில் நெய்த கட்டத் துணி 'மெட்ராஸ் செக்' என்றும் 'மெட்ராஸ் கைக்குட்டை' என்றும் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. நைஜீரியக் கடற்கரையின் கலபாரி மக்கள் அத்துணியின் இழைகளைத் தேர்ந்து அறுத்து நீக்கிப் புதுக்கோலம் சமைத்துச் சடங்குகளில் உடுத்தினர். நம் வீடுகளில் அன்றாடம் உடுத்தும் கைலியும் அக்கட்டக் குலத்தைச் சார்ந்ததே.

காசோலையும் 'ஸக்'கும்

இனி, வங்கி 'செக்'. நம் சமுதாய மேடைகளிலும் மலர்களிலும் இது 'ஸக்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்ற கூற்று அடிக்கடி இடம்பெறுகிறது. மாணவர்களும் விடைத்தாளில் எழுதுகின்றனர். இதனை ஆராயாமல் விடுவதற்கில்லை.

'ஸக்' என்பது எழுத்துமூல ஆவணம். பணமோ பொருளோ கொடுக்குமாறு பணிக்கும் முறி. அதன் பன்மை 'ஸுகூக்'. இது கற்பனையன்று. மர்வான் மதீனாவின் ஆளுநராக இருந்த காலத்தில், அல்-ஜார் துறைமுகத்து உணவுப்பொருளைப் பெறுவதற்கான ஸுகூக் மக்களுக்கு வழங்கப்பட்டன. பொருளைக் கைப்பற்றுமுன்பே மக்கள் அம்முறிகளைத் தமக்குள் விற்று வாங்கத் தொடங்கினர். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) முதலிய நபித்தோழர்கள் மர்வானிடம் சென்று கண்டிக்க, அவர் காவலரை அனுப்பி அவற்றைத் திரும்பப் பெறச் செய்தார். இச்செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சகாராவின் தென்னெல்லையில் அவ்தகஸ்த் நகரில், 42,000 தீனாருக்கான கடன்முறி ஒன்றைக் கண்டதாக எழுதியுள்ளார். அவ்வாவணத்தை அவர் சுட்டும் சொல்லும் 'ஸக்' என்பதே. முறியால் பணம் வழங்கும் முறையை முஸ்லிம் வணிகர் திறம்படக் கையாண்டனர் என்பதற்கு இவை தக்க சான்றுகள்.

ஆயின் ஒரு வழக்கம் பழையது என்பதும், இன்றைய சொல் அதிலிருந்து வந்தது என்பதும் இருவேறு செய்திகள். ஹதீஸ் கலையில் செய்தி எத்துணை இனிதாயினும் முதலில் அறிவிப்பாளர் தொடரை நோக்குவர். தொடர் இடையறுந்தால் 'முன்கதிஃ' எனக் குறித்துவைப்பர். சொற்பிறப்பியலிலும் அந்நெறியே வேண்டும். 'ஸக்' ஆங்கிலத்துக்குச் சென்றிருப்பின், இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இத்தாலிய, பிரெஞ்சு வணிகர் ஏடுகளில் பணமுறிக்குரிய பெயராக அது வழங்கியிருத்தல் வேண்டும். இத்தாலியர் அதனை 'மாற்றுக் கடிதம்' என்னும் பொருளுடைய தம் சொல்லாலேயே அழைத்தனர். பிரெஞ்சுக்காரரின் இன்றைய 'ஷெக்' ஆங்கிலத்திலிருந்து பெற்ற கடன். ஆங்கிலத்திலோ பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வங்கிப் பொருளில் இச்சொல் தோன்றுகிறது. அப்போது அது பணமுறியைக் கூடக் குறிக்கவில்லை. முறியைக் கிழித்துக் கொடுத்தபின் எஞ்சும் அடிக்கட்டையையே குறித்தது. மோசடியைத் தடுக்கவும் தொகையைச் சரிபார்க்கவும் உதவியதால் அடிக்கட்டை 'செக்' எனப்பட்டது. பின்னர்க் கிழித்த தாளுக்கும் அப்பெயர் ஏறியது. அமெரிக்கர் இன்றும் ஐந்தெழுத்தால் எழுத, இங்கிலாந்தார் 'எக்ஸ்செக்கர்' என்பதன் சாயலில் 'க்யூ' என்னும் எழுத்தைச் சேர்த்து வேறாக எழுதுகின்றனர். தொடர் இங்கே அறாமல் நிற்கிறது. 'ஸக்'கிற்கு அவ்வாறு நிற்கவில்லை.

இதனால் நமக்கு இழுக்கு ஒன்றுமில்லை. அரபு நாவின் வழியாகவே 'ஷாஹ்' மேற்கு நோக்கிச் சென்றது. 'ஸக்' தந்த பெருமைக்கு முவத்தாவும் இப்னு ஹவ்கலும் சாட்சி. அதற்கு ஆங்கில அகராதியின் கையொப்பம் தேவையில்லை. மேலும், ஐயத்திற்குரிய ஒன்றை முன்வைத்து வாதிடுவோமாயின், ஐயமற்றவற்றையும் கேட்போர் நம்பார்.

தமிழுக்காக வாதிடும் நண்பர்களுக்கும் இதுவே விண்ணப்பம். 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல் நம் 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்று பலர் எழுதுகின்றனர். ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு உண்டு. கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம் 'காசு'. போர்ச்சுகீசியர் அதனைக் கொண்டுசென்றனர். நூலகத்திலுள்ள பெரிய ஆக்ஸ்போர்டு அகராதியை மாணவர் எடுத்துப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே எழுத்துகளால் ஆனவை எனினும் வெவ்வேறு தலைப்புகளில் நிற்கும். அதே அகராதியில் 'சுருட்டு', 'கட்டுமரம்' ஆகிய இரண்டும் ஆங்கிலம் புகுந்த வரலாறு தமிழின் பெயரோடே பதிவாகியிருப்பதையும் அவர்கள் காண்பர்.