சிறப்புக் கல்வி: பெற்றோர் செய்ய வேண்டியது

ஏழு வயதாகியும் பேச்சுத் தெளியாத பிள்ளையை "மந்தம்" என்று வீட்டிலேயே இருத்திவிடும் பெற்றோர் சிலர் உளர். இது பிள்ளைக்கு இழைக்கும் அநீதியாகும்.

முதலில் பிள்ளையை அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு நாள் சம்பளம் போகும்தான். ஆயினும் மருத்துவரின் உறுதிப்பத்திரம் இன்றிக் காரியம் நகராது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளை, மலாய்க் கேள்வி விளங்காமல் விழிப்பதை அறிவுக் குறையெனக் கருதிவிடவும் கூடும். ஆகவே, அதனை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுதல் அவசியம்.

பின்னர் அப்பத்திரத்துடனும் பிறப்புப் பத்திரத்துடனும் மாவட்டக் கல்வி இலாகாவை அணுகிச் சிறப்புக் கல்விக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் எவரேனும் "இங்கு இடமில்லை" என்று வாய்மொழியாகக் கூறினால் அத்துடன் திரும்பிவிடலாகாது. எப்பிள்ளையையும் நிராகரிக்கலாகாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் நடைமுறைப்படுத்தியது. 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகளோ, மூன்று மாதத்திற்கு மேற்படாத தகுதிகாண் காலத்திற்கு வழிசெய்கின்றன. அக்காலத்தில் பிள்ளையை நாள்தோறும் தவறாது அனுப்புங்கள். வராத பிள்ளையின் திறனை ஆசிரியர் எவ்வாறு அறிவார்?

சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப் பள்ளிகளிலும் இல்லை. அண்மையில் எப்பள்ளியில் உண்டு என்பதையும், மாத உதவித்தொகை பற்றியும் விண்ணப்பிக்கும்போதே கேட்டறிந்து கொள்ளுங்கள்.