பிணை கிடைத்தும் விடுதலை இல்லை: விசாரணைக் கைதிகளும் அரசு நிதியும்

ஹைதராபாத் நகரின் தார்நாகாப் பகுதியில் வேலை செய்யும் கொத்தனார் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிழைப்பைத் தேடி மகபூப்நகர் மாவட்டத்திலிருந்து வந்தவர் அவர். நகரில் அவருக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. திருட்டுக் குற்றச்சாட்டின் பேரில் கைதாகிச் சஞ்சல்குடா மத்தியச் சிறையில் வைக்கப்படுகிறார். நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்குகிறது. ஆனால் சொத்துள்ள உள்ளூர்வாசிகள் இருவர் அவருக்காகப் பிணையேற்க வேண்டும் என்கிறது. அத்தகையோர் எவரையும் அவர் அறியார். ஆணை பிறந்தும் அவர் சிறையிலேயே இருக்கிறார்.

இது வெறும் கற்பனை அன்று. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டிருந்தது. அவருடைய சகோதரர் பிணையேற்க முன்வந்தும், அவரது சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி மறுத்துவிட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை ஏற்கவில்லை; தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்துச் சொந்தப் பிணையிலேயே அவரை விடுவிக்குமாறு ஆணையிட்டார். அடுத்த ஆண்டில், பீகார் சிறைகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில், ஏழைக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கியது என்று நிலைநாட்டப்பட்டது.

சிக்கலின் அளவு

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டு முடிவில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். குற்றம் மெய்ப்பிக்கப்படாத இவர்களுள் ஒருவர் சிறையில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய குடும்பம் கூலியை இழக்கிறது. அரசோ அவருக்கு உணவும் காவலும் அளிக்கிறது. இரு பக்கமும் இழப்பே.

நிதியும் நெறிமுறையும்

2023-24 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டம் அறிவிக்கப்பட்டு, ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு வகுக்கப்பட்ட நெறிமுறைகளின்படி, பிணைத் தொகை செலுத்த இயலாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட இயலாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் வழங்க வகை செய்யப்பட்டது. மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் முதலியோர் அடங்கிய குழு ஒவ்வொருவரின் நிலையையும் ஆராய்ந்து முடிவு செய்யும். பயங்கரவாதம், போதைப்பொருள், ஊழல் போன்ற வழக்குகளில் சிக்கியோர்க்கு இவ்வுதவி இல்லை.

இத்தொகை முழுவதையும் உச்ச வரம்பில் பிணைக்கே பகிர்ந்தாலும் ஓராண்டில் 5,000 பேருக்கே போதும். அந்நிதியைக் கூடப் பல மாநிலங்கள் பயன்படுத்தாமல் இருந்ததால், உள்துறை அமைச்சகம் பின்னர் நினைவூட்ட வேண்டியதாயிற்று. குறை பணத்தில் மட்டும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

விசாரித்து அறியும் பணி

பிணையின் நோக்கம் குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக்குத் திரும்பி வருவதை உறுதி செய்வதே. அதற்குச் சொத்து ஒன்றுதான் ஈடா? நியூயார்க் நகரில் 1961இல் தொடங்கிய மன்ஹாட்டன் பிணைத் திட்டம் இக்கேள்விக்கு விடை தேடியது. கைதானவரின் குடியிருப்பு, வேலை, குடும்பத் தொடர்பு ஆகியவற்றைப் பணியாளர்கள் நேரில் விசாரித்து நீதிபதிக்கு அறிக்கை அளித்தனர். வேர் உள்ளவர் ஓடிவிடுவதில்லை என்பது அதனால் தெளிவாயிற்று. ஹுசைனாரா வழக்கில் நீதிபதி பி.என். பகவதி வலியுறுத்தியதும் இத்தகைய அளவுகோல்களையே.

2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் இம்முறைக்கு வழிவகுத்தது. பிணை ஆணையின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சல் மூலம் சிறைக்கு வர வேண்டும். ஏழு நாட்களில் கைதி விடுதலையாகாவிட்டால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் அல்லது சட்டத் தன்னார்வலர் வாயிலாகக் கைதியின் சமூகப் பொருளாதார நிலை பற்றிய அறிக்கை பெறலாம். ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் அளிக்கப்படாவிடில், நீதிமன்றம் தானே முன்வந்து நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி ஆராயலாம்.

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவும் துணை நிற்கிறது. இதற்கு முன் எக்குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடுதலைக்கு உரியவர். மற்றவர்க்குப் பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்க்கும் இது பொருந்தாது. மூன்றாண்டுத் தண்டனைக்குரிய எளிய திருட்டு வழக்கில் நம் கொத்தனார் ஓராண்டு காத்திருந்த பின்னரே இச்சலுகையைப் பெறுவார். முதல் வாரத்திலேயே அவரை விசாரித்தறிய ஓர் அலுவலர் இருந்தால் அந்த ஓராண்டு மிஞ்சும்.

முடிவு

சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறைக்கு 2023-24 முதல் 2025-26 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 998.43 கோடி ரூபாய் ஒப்பளிக்கப்பட்டது. வழக்கறிஞருடன், களத்துக்குச் சென்று உண்மை அறியும் பணியாளரும் சேர வேண்டும். தார்நாகாவின் தெருவில் மேஸ்திரியையும் அண்டை வீட்டாரையும் கேட்டால் சில மணி நேரத்தில் கிடைக்கும் செய்தி, ஒரு குடும்பத்தின் சோற்றைக் காக்கும். பிணைத் தொகைக்கு நிதி ஒதுக்குவது நன்று. பிணைத் தொகையே தேவைப்படாத நிலையை உருவாக்க ஒதுக்குவது அதனினும் நன்று.