அனுமதியும் நிபந்தனையும்

சங்கத்திற்குக் கிடங்கோ விற்பனைக் கூடமோ கட்ட விரும்பினால், மனைத்திட்டத்தை உள்ளாட்சி மன்றத்திற்கு அனுப்பி அனுமதி கோருகின்றோம். அனுமதி பெரும்பாலும் நிபந்தனைகளுடனேயே வருகின்றது. ஒரு நிபந்தனை நியாயமானதா, மிகையானதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இதை ஆராய, அமெரிக்க நாட்டு வழக்கொன்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதில் கேட்கப்பட்ட கேள்விகள் அறியத்தக்கவை.

ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டு நகருக்கு அருகே டைகர்டு என்னும் ஊர் உள்ளது. அதன் கடைவீதியில் டோலன் என்னும் அம்மையாருக்குக் குழாய்ச் சாமான்களும் மின்சாரச் சாமான்களும் விற்கும் கடையொன்று இருந்தது. நிலம் 1.67 ஏக்கர், கடை 9,700 சதுர அடி. அதை 17,600 சதுர அடியாகப் பெருக்கவும், 39 வண்டிகள் நிற்கத் தளம் போடவும் அனுமதி கேட்டார். நிலத்தின் மேற்கெல்லையில் ஃபேனோ என்னும் ஓடை செல்கின்றது.

நகரத் திட்டக்குழு அனுமதி அளித்தது. ஆனால் ஓடையின் வெள்ளம் பரவும் பகுதியையும், அதையடுத்து 15 அடி அகலத் துண்டையும் நகரத்திற்கு ஒப்படைக்கவேண்டும் என்றது. பின்னது நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் பாதையாகும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 7,000 சதுர அடி, அதாவது நிலத்தில் பத்திலொரு பங்கு. கிரயம் ஏதுமில்லை.

அம்மையார் விதிவிலக்குக் கோரினார், குழு மறுத்தது. விவகாரம் நகரசபையின் முன் சென்றது. சபை உத்தரவை உறுதிசெய்து, வெள்ளப் பகுதியை அளந்து அடையாளமிடும் பொறுப்பை மட்டும் நகரப் பொறியியல் இலாகாவுக்கு மாற்றியது. நிலத்தைக் கொடுப்பவருக்கு அளவுக்கூலி மிச்சம்! மாநிலத்தின் நில உபயோக மேல்முறையீட்டு மன்றமும், இரு நீதிமன்றங்களும் நகரத்தின் பக்கமே நின்றன. இறுதியில் 1994 ஜூன் 24 அன்று, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றி, வழக்கை மாநிலத்திற்குத் திருப்பியனுப்பியது.

தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் இரு கேள்விகளை எழுப்பினார். கட்டிடத்தால் விளையும் தீங்குக்கும் நிபந்தனைக்கும் தொடர்பு உண்டா? உண்டு. தளம் போட்டால் மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடைக்கு விரையும். கடை பெருத்தால் போக்குவரத்து பெருகும். அடுத்து, கேட்கும் அளவு தீங்கின் அளவுக்கு ஏறக்குறைய ஒத்ததா? இங்கேதான் நகரம் தடுமாறியது. வெள்ளத்தைத் தடுக்க அவ்விடத்தில் கட்டாமலிருந்தால் போதும். அது பொதுநிலமாக ஏன் மாறவேண்டும்? ‘கட்டாதே’ என்பதும் ‘கொடுத்துவிடு’ என்பதும் ஒன்றல்ல. பாதையைப் பற்றியோ, நாளொன்றுக்கு 435 வண்டிப் பயணங்கள் கூடும் என்று நகரம் கணக்கிட்டிருந்தது. சைக்கிள் பாதையால் அவற்றிற் சில குறையலாம் என்று மட்டுமே சொன்னது. ‘குறையலாம்’ என்பது ‘குறையும்’ என்பதாகாது. துல்லியமான கணிதம் வேண்டாம். ஆயினும் அந்த மனையை நோக்கி ஓரளவேனும் கணக்கிட்டுக் காட்டும் பொறுப்பு நகரத்தினுடையது என்றது தீர்ப்பு.

நீதிபதி ஸ்டீவன்ஸ் மறுத்தெழுதினார். கடை பெருகுவதால் உரிமையாளருக்குக் கிட்டும் ஆதாயத்தையும் பார்க்கவேண்டும், மெய்ப்பிக்கும் பாரத்தை நகரத்தின்மேல் ஏற்றியது தவறு என்பது அவர் வாதம். ஓடைக்குக் கீழ்ப்புறம் பயிரிடும் எவரும் இதை எளிதில் தள்ளார். நீர் பெருகிய பின் கணக்குக் கேட்டுப் பயனென்ன? எனினும் பெரும்பான்மையோர் வழியே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. கணக்குக் காட்டுவது கேட்பவர் கடமையல்லவா?

உச்ச நீதிமன்றம் வரை ஆராயப்பட்டது, திட்டக்குழுவும் சபையும் தம் உத்தரவில் எழுதிவைத்த காரணங்களே என்பதைச் சங்கச் செயலாளர்கள் கவனிக்கவேண்டும். ஆகவே, ஆட்சேபம் இருப்பின் முதற்படியிலேயே எழுத்தில் கொடுத்து, நிபந்தனைக்குரிய கணக்கையும் எழுத்தில் கேட்பது நன்று.

இவ்விதி நிலத்தோடு நிற்கவில்லை. நிலத்திற்குப் பதிலாகப் பணம் கேட்பதற்கும் பொருந்தும் என்று 2013-இலும், சட்டமன்றமே விதித்த கட்டணமாயினும் விலக்கில்லை என்று 2024-இலும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.