சித்தியும் சகோதரியும்

தாயின் தங்கையைச் சிற்றன்னை என்பது நூல் வழக்கு. சித்தி என்பது வீட்டு வழக்கு. அச்சொல்லினுள்ளேயே அன்னை என்னும் பொருள் அடங்கியுள்ளது. தான் பெறாத மக்களையும் தன் மக்களாகக் கருதிக் காப்பதே சிற்றன்னையின் இயல்பு. அவ்வியல்பை ஒரு குடும்பத்தின் எல்லைக்குள் நிறுத்திவிடாமல், ஆதரவற்ற சிறுமியர் பலர்க்கும் உரியதாக்கிய அம்மையார் இருவர் சென்னை மாநகரில் வாழ்ந்தனர். ஒருவர் வாலாம்பாள் அம்மையார். மற்றவர் அவருடைய தமக்கையின் மகளாகிய சுப்பலட்சுமி அம்மையார்.

சுப்பலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. அக்கால வழக்கப்படி ஏறத்தாழப் பதினொன்றாம் வயதில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. இல்லறம் இன்னதென்று அறியுமுன்னரே அச்சிறுமி கைம்மை எய்தினார்.

அந்நாளில் அவர் பிறந்த குலத்தில் கைம்பெண்கள் பட்ட துன்பம் சொல்லுந்தரத்ததன்று. தலைமயிரைக் களைதல், வண்ண ஆடையை விலக்கல், ஒரு வேளை உணவே கொள்ளல், மங்கல நிகழ்ச்சிகளில் எதிர்ப்படாது ஒதுங்கி நிற்றல் ஆகியவை அவர்கள்மேல் சுமத்தப்பட்டன. கணவனின் முகத்தையும் நன்கறியாத சிறுமியும் இவற்றிற்கு விலக்கல்லள். விளையாடும் வயதில் அவள் வீட்டின் இருண்ட மூலைக்கு உரியவளானாள்.

அவ்வாழ்வுக்குத் தம் மகளை ஆளாக்கச் சுப்பலட்சுமியின் பெற்றோர் உடன்படவில்லை. உறவினரும் அண்டை அயலாரும் இகழ்ந்தனர். ஆயினும் தந்தையார் மகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். அவ்வீட்டிலேயே வாழ்ந்த வாலாம்பாளும் இளமையிற் கைம்மை எய்தியவர். அத்துயரைத் தாமே நுகர்ந்தறிந்த சித்தி, தமக்கை மகளுக்கு உற்ற துணையாக நின்றார். சுப்பலட்சுமி கன்னியர் மடத்துப் பள்ளியிற் பயின்று, பின் மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். 1911ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து இந்துப் பெண்களுள் முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பின் அவர்முன் ஒரு வினா நின்றது. தாம் தப்பிய துன்பத்தில் இன்னும் அழுந்திக் கிடக்கும் சிறுமியரின் கதி யாது என்பதே அவ்வினா. அவர் அதற்குச் சொல்லால் விடை கூறவில்லை. எழும்பூரில் தம் தந்தையாரின் இல்லத்திலேயே, கைம்பெண்களாகிய நான்கு சிறுமியருக்கு இடமளித்தார். 1912ஆம் ஆண்டில் சாரதா மகளிர் சங்கத்தையும் நிறுவினார். பெண் கல்வி அதிகாரியாக இருந்த கிறிஸ்டினா லிஞ்சு அம்மையாரின் முயற்சியால் அரசினரின் உதவியும் கிட்டியது.

அக்காலத்தில் பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. மற்றொருபுறம், கைம்பெண்கள் செய்தொழிலின்றிப் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்தனர். இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்கும் வழியைச் சுப்பலட்சுமி கண்டார். சிறுமியரைக் கற்பித்து ஆசிரியைகளாக்கினால், அவர்களும் தம் காலில் நிற்பர். நாட்டுப் பெண்களும் கல்வி பெறுவர் அன்றோ? பெற்றோர் ஐயமின்றித் தம் மக்களை அனுப்ப வேண்டும் என்பதற்காக, உணவு முதலியவற்றில் அவர்கள் குடும்ப ஒழுக்கமே இல்லத்திலும் பின்பற்றப்பட்டது. வெளியே சென்று பொருளும் ஆதரவும் திரட்டியவர் சுப்பலட்சுமி. உள்ளே இருந்து சிறுமியரைப் பேணியவர் வாலாம்பாள். ஒருவரைச் 'சகோதரி' என்றும், மற்றவரைச் 'சித்தி' என்றும் அழைத்தனர். உறவினரால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அவ்விரு சொற்களும் புதிய உறவாயின.

இல்லம் வளர்ந்தது, இடம் போதவில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம் ஒன்று இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்கென எழுந்த கட்டடம் அது. விவேகானந்த அடிகள் 1897ஆம் ஆண்டில் அங்கே தங்கினார். பின்னர் அது அச்சிறுமியரின் உறைவிடமாயிற்று. பனிக்கட்டியை உருகாது காத்த சுவர்கள், உருகி நின்ற உள்ளங்களைக் காக்கும் அரணாயின. அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயருடன் விளங்குகின்றது.

அவ்வில்லம் ஒரு குலத்துப் பெண்களுக்கே உரியது என்ற குறை கூறப்பட்டதுண்டு. அம்மையாரின் தொண்டு அதனோடு அமையவில்லை. அருகிலிருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்கும் அவர் பள்ளி நடத்தினார். 1922ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். துன்பத்தின் வேர் குழந்தை மணமே. அதனைத் தடுக்கும் சட்டம் 1929ஆம் ஆண்டில் நிறைவேறியது. பெண்ணின் மண வயது 14 என அது வரையறுத்தது. 1978ஆம் ஆண்டில் அவ்வயது 18 ஆயிற்று.

சுப்பலட்சுமி அம்மையார் 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராக விளங்கினார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள் மறைந்தார்.

அவரது பெயரை நினைப்போர் அவர்தம் சித்தியையும் நினைத்தல் கடன். மேடையில் தோன்றாது, விருதெதுவும் வேண்டாது, அழுது வந்த சிறுமியின் தலையைத் தடவிச் சோறிட்ட கை அவருடையது. அத்தகைய கைகளின் துணையின்றிப் பெருந்தொண்டு எதுவும் நிலைபெறுவதில்லை. பெற்றவளே தாய் என்பது உலகியல். காத்தவளும் தாயே என்பதை அவ்விருவரும் வாழ்ந்து காட்டினர்.