இலைச்சாறு காட்டும் உறவு

சாயத்தொட்டியை அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு அவுரியைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் 'பாப்டீசியா' என்னும் செடிகள் அமெரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் வளர்கின்றன. சாயமிடுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். அவற்றின் நீலம் அவுரி நீலத்திற்கு ஈடாகாது. ஆயினும் தாவர நூலுக்கு அவை செய்த உதவி பெரிது.

டெக்சாஸ் மாநிலத்தில் இவற்றின் இனங்கள் சில ஒரே வெளியில் அடுத்தடுத்து வளர்ந்து, ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சில இனங்களின் பூ வெண்மை. சிலவற்றின் பூ மஞ்சள். கலப்புச் செடியின் பெற்றோர் எவை என்று உருவத்தை மட்டும் கொண்டு துணிவது கடினம். 1960-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்ஸ்டன், டர்னர் என்னும் இருவர் இலையையே சாட்சிக்கு அழைத்தனர்.

கலப்புச் சாயத்துளி ஈரத்துணியில் பரவும்போது நிறங்கள் தனித்தனியே விலகுவதைச் சாயம் தோய்ப்போர் கண்டிருப்பர். அவர்கள் கையாண்ட முறையும் அத்தகையதே. உலர்ந்த இலையைப் பொடித்து ஆல்கஹாலில் ஊறவைத்து, அச்சாற்றைப் பெரிய வடிதாளின் ஒரு மூலையில் துளியாக இடுவர். தாளின் ஓரத்தை ஒரு திரவத்தில் தோய்த்தால், அது தாளில் ஏறும்போது சாற்றிலுள்ள பொருள்கள் தத்தம் இயல்புக்கேற்ப முன்னும் பின்னுமாக நிற்கும். உலர்த்தியபின் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, வேறொரு திரவத்தில் மறுபடி தோய்ப்பர். புற ஊதா ஒளியில் நோக்கினால் பிளேவனாய்டு என்னும் பொருள்கள் புள்ளிகளாகத் தோன்றும். இரண்டு இனங்களுக்குரிய தனிப்புள்ளிகளும் ஒரே செடியின் தாளில் சேர்ந்து காணப்பட்டால் அது அவற்றின் கலப்பு என்பது புலனாகும். இலையை இலையோடுதான் ஒப்பிடவேண்டும். பூவின் பொருள்கள் வேறு.

ஆனால் ஒரே பொருளைக் கண்டதும் உறவு கொண்டாடிவிடலாகாது. நீலத்தையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியர் பயிரிட்ட 'வோடு' கடுகுக் குடும்பத்தது. ஜப்பானியரின் நீலச்செடி சுக்கான்கீரைக் குடும்பத்தது. அவுரிக்கு இவ்விரண்டும் நெருங்கிய சுற்றமல்ல. எனினும் மூன்றும் தருவது ஒரே நீலம். அவுரியிலும் ஜப்பானியச் செடியிலும் அந்நீலத்தின் மூலப்பொருள்கூட 'இண்டிகான்' என்ற ஒன்றே! ஆகவே பல புள்ளிகளின் அமைப்பை முழுதாக நோக்கி, பூ, காய் ஆகியவற்றின் சான்றோடு பொருத்திப் பார்த்தே இனம் வகுக்கவேண்டும்.

இன்று இனம் வகுப்பதில் மரபணுச் சோதனை முன்னிற்கிறது. இலைச்சாற்றுச் சோதனையோ சந்தைக்கு வந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையின் நிலாவாரை இலை பொடியாகிவிட்டால் அதன் உருவம் எங்கே? மெல்லிய பூச்சிட்ட தகட்டில் அதன் சாற்றை ஏற்றிப் பார்த்து, சரக்கு மெய்யானதா என்று மருந்துச் சோதனைச்சாலைகளில் தீர்மானிக்கின்றனர்.